நெற்றி இல்லாத மிஷின்

காசிராஜன் அண்ணாச்சி பொட்டு வைக்காத பொருள் ஒன்று விருதுநகரில் இருக்கிறது என்றால், அது அவர் இன்னும் வாங்காத பொருளாகத்தான் இருக்கும். ஃப்ரிட்ஜுக்கு வைத்தார், சரி. தண்ணீர் மோட்டாருக்கு வைத்தார், அதுவும் சரி. ஏ.டி.எம். கார்டுக்கு வைத்து, அது மிஷினுக்குள் போய்ச் சந்தன வாசனையோடு அங்கேயே தங்கிவிட்டதை என்னவென்று சொல்வது? எம். புதுப்பட்டியில் இருக்கும் தன் பட்டாசுக் கம்பெனி வாசலில் மாட்டிய கேமராவுக்கு, கண்ணாடி மேலேயே கொழுத்த பொட்டாக வைத்தார். அன்றிலிருந்து அந்தக் கேமரா இரவும் பகலும் பதிவு செய்தது ஒரே காட்சிதான்: செக்கச் சிவந்த அஸ்தமனம். லோடு மூடுகிற தார்ப்பாய் ஒருநாள் களவு போனது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கன்னியாகுமரியில எடுத்ததா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் சுகிர்தா மகளாகப் பிறந்தாள். ஒரே மகள். என்ஜினீயரிங் முடித்து, அதற்கு மேலும் படித்து, கண்ணாடி இழையில் ஆராய்ச்சி செய்கிறாள். "இன்டர்நெட்டுக்கு ரோட்டத் தோண்டிப் புதைக்காகளே, அந்த வயரா?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அதே வயர்தான். ஆனால் சுகிர்தாவின் கையில் அது வேறு வேலை பார்த்தது.

பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கலவைக்குப் பெயர் மருந்து. அந்த மருந்து கலக்கிற அறைக்குள் கரண்ட் கூடாது, இரும்பு கூடாது, செல்போன் கூடாது. உள்ளே போகிறவர் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு பொறி போதும், அப்புறம் ஆளைத் தேட வேண்டியதில்லை. தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழையில் போவது வெளிச்சம் மட்டும். பொறிக்கு வழியே இல்லை. அதனால் சுகிர்தா ஆபீஸ் அறையில் ஒரு பெட்டியை வைத்து, அதிலிருந்து இரண்டு இழைகளை இழுத்திருந்தாள்.

ஒன்று கலவை அறை வாசல் வரை போனது. அதன் நுனியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழல். குழலுக்குள் கருப்பு எண்ணெய், எண்ணெய்க்குள் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள். காந்தம் இருக்கிற எதுவும் பக்கத்தில் வந்தால் அந்தத் தூள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை கட்டும், வெளிச்சம் மாறும், ஆபீஸில் திரையில் கோடு ஏறும். இரண்டாவது இழை ஆபீஸ் தாழ்வாரத்து மேஜையில் முடிந்தது. அதன் நுனியை மூடாமல், தோல் மாதிரி எதையோ மெலிசாகப் பூசியிருந்தாள். வேலை முடிந்து வருகிறவர்கள் அதில் ஒரு சொட்டு எச்சில் வைத்தால், மருந்து உடம்புக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று கோடு சொல்லும். கம்பெனிப் பெண்கள் இரண்டுக்கும் அன்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதலாவது மூக்கு, இரண்டாவது நாக்கு.

இதைப் பார்க்கச் சென்னையிலிருந்து, ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற கமிட்டி வருவதாக இருந்தது. கமிட்டிக்குத் திருப்தி என்றால் சுகிர்தா இங்கேயே இருந்து ஆராய்ச்சியைத் தொடரலாம். இல்லையென்றால் ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். மகளை மதுரைக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுக்கவே யோசிக்கிற மனிதர் காசிராஜன். ஜெர்மனி என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மிஷின் ஜெயித்தே ஆக வேண்டும். எதையும் ஜெயிக்க வைக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. அது உங்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும்.

சுகிர்தாவுக்கும் தெரியும். ஆயுத பூஜைக்குக் காலேஜில் மாட்டிக்கொண்டவள், போன் போட்டுச் சொன்னாள்: "அப்பா, மிஷினத் தொடாதீக. சத்தியம் பண்ணுங்க."

"தொட மாட்டேம்மா. தொடுவனா?"

தொடவில்லை. பொட்டு வைப்பதைத் தொடுவது என்று யார் சொன்னது?

இரும்பே இல்லாத கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் பித்தளைக் கரண்டிக்கும், மரச் சுத்தியலுக்கும், செம்புத் தகட்டுக்கும்தான் மரியாதை. எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று. கேமராவுக்குப் பழைய பொட்டின் மேல் புதுப் பொட்டும் வைத்தாயிற்று. மகளுடைய மிஷின் மட்டும், பந்தியில் இலை போடாமல் உட்கார வைத்த சம்பந்தி மாதிரி, வெறுமனே இருந்தது. அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பெட்டி மேல வச்சிருங்க மொதலாளி," என்றான் கேட்டில் உட்காரும் வாட்ச்மேன் பெத்தணன்.

"ஏலே, மாப்பிள்ளைய நிக்க வச்சுட்டு அவரு சூட்கேஸுக்கா பொட்டு வைப்பாக? மூக்கு இருக்கு, நாக்கு இருக்கு. நெத்திய எங்கன வச்சிருக்கா இவ?"

நெற்றி இல்லை. தேடிப் பார்த்துவிட்டு, மூக்குக் குழலின் மேல் ஒன்று வைத்தார். நாக்கு நுனியில், சுண்டு விரலால், பச்சைப் பிள்ளைக்கு மை தீட்டுகிற பக்குவத்தில் ஒன்று வைத்தார். சந்தனம், அதன் மேல் குங்குமம். வீட்டில் மனைவி சொர்ணலட்சுமி மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்த சுத்தக் குங்குமம்.

"பாப்பா வையப் போவுது மொதலாளி," என்றான் பெத்தணன்.

அதுவும் சரிதான் என்று பட்டது. கும்பிட்ட கையோடு வேட்டி முனையை நனைத்து இரண்டையும் துடைத்துவிட்டார். மூக்கு பளிச்சென்று ஆனது. நாக்கும் பார்வைக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் நாக்கு என்பது ருசித்ததை விடுமா? பூசியிருந்த தோல் குங்குமத்தை உறிஞ்சிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தது. சில பேர் கல்யாண வீட்டில் மூன்றாவது லட்டைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி.

லீவு முடிந்து கம்பெனி திறந்ததும் சுகிர்தா எல்லோருடைய எச்சிலையும் வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தாள். முதலில் பெத்தணன். மருந்து இருக்கிற பக்கமே அவன் போனதில்லை. கேட்டில் உட்கார்ந்து வெற்றிலை போடுவது ஒன்றுதான் அவன் வேலை. அவன் எச்சில் பட்டதும் கோடு ஏறியது ஏறியதுதான், திரையின் கூரையில் முட்டிக்கொண்டு நின்றது.

"யம்மா பாப்பா, இது என்ன, நல்லதா கெட்டதா?"

சுகிர்தா பதில் சொல்வதற்குள் கம்பெனி முழுக்கச் செய்தி போய்விட்டது. பெத்தணன் உடம்பு பூராவும் மருந்தாம். தும்மினால் வெடிப்பானாம். மத்தியானத்துக்குள் அவன் மச்சினன் டி.வி.எஸ்ஸில் வந்து இறங்கி, அவன் மடியிலிருந்த பீடிக்கட்டைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டான். அன்று முழுக்க அவனைச் சுற்றி மணல் வாளியோடு இரண்டு பேர் நின்றார்கள்.

அடுத்து வந்தவர்களிலும் வெற்றிலை போடுகிற அத்தனை பேரும் கூரையில் முட்டினார்கள். காசிராஜன் அண்ணாச்சியும் முட்டினார். ஒரு நாளைக்கு ஒரு கவுளி வெற்றிலை அவருக்கு. வீட்டுக்குப் போய் சொர்ணலட்சுமியைக் கூப்பிட்டு, கடைசி வார்த்தை சொல்கிற மாதிரி, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று சொன்னார்.

"அது எங்கிட்டதான இருக்கு," என்றாள் அவள்.

வெற்றிலை போடாதவர்களுக்கும் கொஞ்சமாவது ஏறியது. கோடு அசையாதது ஒருத்திக்கு மட்டும்தான். செல்லக்கனி. ஆச்சரியம் என்னவென்றால், வெடிக்கு மருந்து செலுத்துவதே அவள்தான். வெகு நாளாக வறட்டு இருமல் வேறு. அவளுக்குக் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"நீ என்னத்தட்டி திங்கிற?" என்று எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள்.

"என்னத்தத் திங்கேன்... பழைய சோறும் எலுமிச்சங்கா ஊறுகாயும்தான்."

போதாதா? எலுமிச்சை மருந்தை முறிக்கிறது என்று முடிவாகிவிட்டது. பெத்தணனை உட்கார வைத்து, ஊறுகாய்ச் சாடியைக் கையில் கொடுத்தார்கள். கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டுவிட்டு வந்து எச்சில் வைத்தான். கோடு விழுந்தது! கம்பெனியில் பெண்கள் குலவை போட்டார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து ஆமத்தூர் வரைக்கும் எந்தக் கடையிலும் எலுமிச்சம்பழம் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை கையில் கொடுக்கச் சாத்துக்குடியை வைத்துச் சமாளித்ததாகக் கேள்வி. அண்ணாச்சி வேளைக்கு ஒரு பழம் வீதம் பிழிந்து குடித்து, பல் கூசி, இட்லியைக்கூட ஊறவைத்துச் சாப்பிட்டார். ஆனால் அவருக்கும் கோடு விழுந்தது. பீரோ சாவி விஷயத்தை அப்புறம் யாரும் பேசவில்லை.

சுகிர்தாவுக்குத்தான் முகம் வாடிப்போனது. "எங்கயோ தப்பு இருக்குப்பா. கேட்டுல உக்காந்திருக்கவருக்கு ஏறுது, மருந்துல கெடக்கிற அக்காவுக்கு எறங்குது. நாக்கு மந்தமாயிருச்சு. வேற நாக்கு செய்ய ஒரு மாசம் ஆகும். கமிட்டி திங்கக்கெழம வந்துருவாக."

"தப்பா? கேட்டுல இருக்கவனுக்கே இம்புட்டுன்னா காத்துல வந்திருக்கும்மா. ஓம் மிஷினு காத்தையே கண்டுபிடிச்சிருச்சு!"

"நீங்க எதுவும் செய்யலயே?"

"நா என்ன செஞ்சேன்? தொடவே இல்லயே."

அவர் கவனமாக வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார்.

திங்கட்கிழமை கமிட்டி வந்தது. தலைவர் டாக்டர் மெகருன்னிசா. இப்போது சென்னையில் பெரிய விஞ்ஞானி என்றாலும் பிறந்த ஊர் இதோ இருக்கிற சாத்தூர். கூட, வெயிலிலும் கோட்டு மாட்டிய ஒரு கோட்டுக்காரர். சொர்ணலட்சுமி விடுவாளா? சம்பந்தி வீட்டாரே வந்த மாதிரி கேட்டிலேயே நிறுத்தி ஆரத்தி எடுத்தாள். அவசரத்தில் சுண்ணாம்பு எடுத்துவர மறந்து, புருஷனுடைய வெற்றிலைப் பெட்டியிலிருந்தே கிள்ளி மஞ்சள் தண்ணீரில் கரைத்தாள். மஞ்சள் தண்ணீர் ரத்தச் சிவப்பாகச் சிவந்தது. சுற்றி எடுத்து ரோட்டில் ஊற்றினாள். கார் புதுசாக இருக்கிறதே, கண் படுமே என்று ஒவ்வொரு டயருக்கு அடியிலும் ஒரு எலுமிச்சம்பழம் வேறு வைத்தாள். வந்தவர்கள் ஆபீஸுக்குள் போனார்கள். டிரைவர் காரை நிழலுக்கு நகர்த்தினார்.

பழம் பச்சக் என்று நசுங்கியது. சாறு ஆரத்தித் தண்ணீரில் பாய்ந்தது. ரத்தச் சிவப்பாகக் கிடந்த தண்ணீர், சாறு தொட்ட இடமெல்லாம் மஞ்சளாக மாறியது.

காசிராஜன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மஞ்சள். சுண்ணாம்பு பட்டால் சிவப்பு. எலுமிச்சை பட்டால் மறுபடி மஞ்சள். குங்குமமும் மஞ்சள்தானே. வெற்றிலையில் சுண்ணாம்புதானே. செல்லக்கனியின் ஊறுகாய்... நாக்கு மருந்தைப் பார்க்கவில்லை. அவர் வைத்த பொட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. யார் வெற்றிலை போட்டார், யார் ஊறுகாய் தின்றார் என்று வேலை மெனக்கெட்டு வேவு பார்த்திருக்கிறது. அந்த வேலைக்குத்தான் ஊரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதே!

"வாங்கப்பா, ஆரம்பிக்கப் போறாக," என்று சுகிர்தா கூப்பிட்டாள்.

மூக்குக்கு வேலை கொடுக்க வேண்டியிருக்கவில்லை, அதுவே பார்த்துக்கொண்டது. கோட்டுக்காரர் செல்போனை ஆபீஸில் கொடுத்துவிட்டு, கலவை அறை வாசலுக்கு நடந்து போனார். திரையில் கோடு குதித்தது. "போன்தான் குடுத்துட்டேனே!" என்று கைகளை விரித்தார். இடுப்பு பெல்ட்டில் போன் உறை இருந்தது. அதன் மூடியில் ஒட்டிக்கொள்வதற்கு ஒரு துண்டுக் காந்தம். மெகருன்னிசா அம்மா கைதட்டினார்.

அப்புறம் நாக்கு. கம்பெனி ஜனம் முழுக்க ஊறுகாய் மணக்க மணக்க வரிசையில் நின்றது. ஒவ்வொருவராகச் சொட்டு வைத்தார்கள். கோடு எழுந்திருக்கவே இல்லை.

"பிரமாதம்! இத்தன சுத்தமான பட்டாசுக் கம்பெனிய நான் எங்கயுமே பாத்ததில்ல," என்றார் கோட்டுக்காரர். "இந்த மிஷின ஊர் பூரா வச்சிரலாம் மேடம். கோடு ஏறலன்னா டாக்டர் செக்கப்கூடத் தேவையில்ல."

சுகிர்தா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். காசிராஜன் கணக்குப் போட்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மகள் இங்கேயே இருப்பாள். தினமும் கண்ணால் பார்க்கலாம். ஜெர்மனிக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். இவ்வளவு சுலபமாக எந்தச் சாமியும் இதுவரை அவருக்கு வரம் கொடுத்ததில்லை.

அப்போது வரிசையின் கடைசியில் நின்ற செல்லக்கனி இருமினாள். இருமி முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப நா இனிமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்ல மொதலாளி? மிஷினே சொல்லிருச்சுல்ல?"

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு மேஜை முன்னால் போய் உட்கார்ந்து, மடியிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்தார்.

"அப்பா, இப்பப் போயி..."

"இரும்மா."

வெற்றிலையைத் தொடையில் துடைத்து, சுவருக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி சுண்ணாம்பைத் தடவினார். மடித்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார். கமிட்டி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. ஒரு சொட்டு எச்சில் வைத்தார். கோடு கூரையில் போய் முட்டியது.

"ஐயோ! ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!" என்று கோட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க சார்." அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, பெத்தணன் மடியில் வைத்திருந்த அரை எலுமிச்சம்பழத்தை வாங்கி முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு உறிஞ்சினார். மறுபடி ஒரு சொட்டு. கோடு பொத்தென்று விழுந்தது.

"இது மருந்து பாக்கல. எலுமிச்சம்பழந்தான் பாக்குது. எம் மக செஞ்சது ஒழுங்காத்தான் செஞ்சா. ஆயுத பூஜ அன்னைக்கு நான் அதுக்கு நாக்குல பொட்டு வச்சுட்டேன்."

சுகிர்தா மெல்லக் குனிந்து நாக்கு நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மஞ்சள் சாயம் லேசாகத் தெரிந்தது.

"தொடலன்னு சொன்னீகளே!"

"தொடலம்மா. பொட்டுதான்..." என்றவர் சுண்டு விரலைக் காட்டினார். "மூக்கு இருந்துச்சு, நாக்கு இருந்துச்சு. நெத்தி இல்ல. எங்கனதான் வைக்க? நீ ஜெயிக்கணும்னுதான் வச்சேன்."

கோட்டுக்காரர் பேனாவை மூடினார். அவ்வளவுதான், ஜெர்மனி என்று அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். அதனால் சிரிப்புச் சத்தத்தைத்தான் முதலில் கேட்டார். மெகருன்னிசா அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வாப்பா சாத்தூர்ல பலசரக்குக் கட வச்சிருந்தாக," என்றார். "பக்கத்துக் கட அண்ணாச்சி ஆயுத பூஜைக்கு எங்க தராசுக்கும் சேத்துப் பொட்டு வச்சுட்டுப் போயிருவாரு. வேண்டாம்னு சொல்ல முடியுமா, அன்பா வைக்காரு. ஒரு வருசம் தட்டுக்கு அடியிலயே சந்தனத்த அப்பிட்டாரு. தராசு ஒரு பக்கமா சாஞ்சு, வாப்பாவுக்கு ஊரெல்லாம் கெட்ட பேரு. அப்புறம் வாப்பா என்ன செஞ்சாக தெரியுமா? தராசு நடுத்தண்டுல ஒரு பித்தளத் தகட்டத் தச்சு, 'அண்ணாச்சி, இங்கன வைங்க'ன்னுட்டாக. நடுவுல வச்சா தராசு சாயாதுல்ல."

கோட்டுக்காரர் கனைத்தார். "மேடம், டெமோ ஃபெயில்..."

"மூக்கு பாஸாச்சு, ஒங்க பெல்ட்டே சாட்சி. நாக்கு ஏன் ஃபெயிலுன்னா, இந்தப் பொண்ணு மருந்த யோசிச்சா, மழைய யோசிச்சா, தூசிய யோசிச்சா, ஆயுத பூஜைய யோசிக்கல. இங்கன வைக்கிற எந்த மிஷினுக்கும் வருசத்துக்கு ஒரு தடவ பொட்டு விழும். பொட்டத் தாங்காத மிஷின் இந்த ஊருக்கு ஆகாது." சுகிர்தாவிடம் திரும்பினார். "ஆறு மாசம் தாரேன். புது நாக்கு செய்யி. அதுக்கு முன்னாடி நெத்தி செய்யி. டெஸ்ட் பண்ண ஆளு வெளிய தேட வேண்டாம், ஒங்க அப்பா இருக்காக. செல்லக்கனி, நீங்க நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறீக. அண்ணாச்சி கார்லயே கூட்டிட்டுப் போவாக."

அண்ணாச்சி செல்லக்கனியைக் கூட்டிக்கொண்டு போனார், வந்தார். மகள் மட்டும் வாரக்கணக்கில் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் சாம்பாரைக்கூட அம்மா வழியாகத்தான் கேட்டாள். அண்ணாச்சிக்கு அதுவும் சந்தோஷமாகவே இருந்தது என்று சொர்ணலட்சுமி தெருவில் சொன்னாள். ஜெர்மனியில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பதைவிடப் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவோ மேல் அல்லவா?

ஒருநாள் காலையில் சுகிர்தா ஆபீஸ் மேஜைக்கு அவரைக் கூப்பிட்டாள். புது நாக்கு, இழை நுனியில் பளபளத்தது. அதற்குக் கொஞ்சம் மேலே, ஒரு ரூபாய் அகலத்தில், வட்டமாக ஒரு பித்தளைத் தகடு. பக்கத்தில் சந்தனக் கிண்ணம்.

"வைங்க," என்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொட்டு வைக்க அண்ணாச்சி தயங்கினார். விரலைச் சந்தனத்தில் தொட்டார், எடுத்தார், வேட்டியில் துடைத்தார், மறுபடி தொட்டார். தகட்டின் நடுவில், இம்மி பிசகாமல் வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். கோடு அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம் பெருசா வைங்க. அடுத்த வருசம் நீங்க எப்படி வைப்பீகன்னு எனக்குத் தெரியாதா?"

பெரிதாக வைத்தார். வழிய வழிய வைத்தார். கோடு அசையவில்லை. அப்போதுதான் அவள் சிரித்தாள்.

கேமராவுக்கும் அவளே ஒரு நெற்றி செய்து ஒட்டி, கண்ணாடியைத் துடைத்துவிட்டாள். நெடுநாள் அஸ்தமனத்துக்குப் பிறகு அதில் விழுந்த முதல் காட்சி என்ன தெரியுமா? பெத்தணன் சொன்னதுதான், அவன்தான் உட்கார்ந்து பார்க்கிறான். ஜெர்மனியிலிருந்து சுகிர்தாவுக்கு ஒரு பார்சல் வந்து இறங்கியது. அந்தப் பேராசிரியர், இழைக்கு வெளிச்சம் அனுப்புகிற புதுப் பெட்டி ஒன்றை அனுப்பியிருந்தார். காசிராஜன் அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தோடு வந்து, அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து பார்த்தார். அடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை ஓரமாகக் கீழே வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆபீஸ் பக்கம் திரும்பிச் சத்தம் கொடுத்தார்:

"ஏ சுகிர்தா! இந்த வெள்ளைக்காரனுக்கு நெத்தி எங்கனம்மா இருக்கு?"